ரொட்டி காய்க்கும் மரம்

நெப்போலியன் எந்த ஊர்க்காரர் என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட "பிரான்ஸ்" என்று சட்டென்று பதில் சொல்லிவிடும். அது பாதிதான் சரி. 1769-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி அவர் பிறந்தது கார்ஸிகா என்ற தீவில். பிரான்ஸின் தெற்குக் கரைக்கும் இத்தாலியின் மேற்குக் கரைக்கும் நடுவே, மத்தியதரைக் கடலில் கிடக்கிறது அந்தத் தீவு. அவர் பிறந்த வீட்டைப் பற்றியும், நின்ற இடத்தில் வைத்த சிலைகளைப் பற்றியும் எழுதாதவர்கள் இல்லை. ஆனால் அந்த ஊர் அடுப்பில் என்ன கொதித்தது என்று சொல்கிறவர்கள் குறைவு. ஒரு ஊரைத் தெரிந்துகொள்ள அதன் கோட்டை கொத்தளங்களைப் பார்த்தால் மட்டும் போதுமா? அடுக்களையையும் எட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? வாருங்கள், பார்த்துவிட்டு வருவோம்.

கடலுக்கு முதுகு காட்டிய தீவு

தீவு என்றதும் மீனும் நண்டும்தான் சாப்பாடு என்று நினைத்துக்கொள்வீர்கள். கரையோர ஊர்களில் மீன் உண்டு. 'அசிமினு' என்ற மீன் குழம்புக்குப் பெயரும் உண்டு. ஆனால் கார்ஸிகாவின் பழைய சாப்பாடு கடல் சாப்பாடு அல்ல, மலைச் சாப்பாடு. இதற்குக் காரணம் இருக்கிறது. கரையோரச் சதுப்பு நிலங்களில் மலேரியா. கடலிலோ கொள்ளைக்காரர்களின் பயம். ஆகவே ஜனங்கள் மலைமேல் ஏறிக்கொண்டார்கள். மலைக்குத்தான் அங்கே பஞ்சமில்லையே! நீளம் சுமார் 183 கிலோமீட்டர், அகலம் 83 கிலோமீட்டர். அதற்குள் 2,706 மீட்டர் உயரமுள்ள சிந்தோ சிகரம் நிற்கிறது.

சரி, மலைமேல் ஏறியாயிற்று. அங்கே கோதுமை விளையச் சமநிலம் ஏது? வயிற்றுக்கு என்ன வழி? இங்கேதான் நம் கதாநாயகன் வருகிறான். அவன் ஒரு மரம்!

நாலு மரம் நடு!

செஸ்ட்நட் என்ற கொட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முள்ளம்பன்றி போன்ற பச்சை உறைக்குள், பளபளவென்று பழுப்புத் தோலோடு இரண்டு மூன்று கொட்டைகள் இருக்கும். முந்திரி, பாதாமைப் போல இதில் எண்ணெய் கிடையாது, மாவுச்சத்துதான் அதிகம். வேகவைத்தால் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் ஜாடை தெரியும். உலர்த்தி அரைத்தால் இனிப்பான மாவு கிடைக்கும்.

பல நூற்றாண்டுகள் கார்ஸிகாவை ஆண்டவர்கள் இத்தாலியின் ஜெனோவா நகரத்தார். 16-ம் நூற்றாண்டில் அவர்கள் ஒரு கட்டளை போட்டார்கள். நிலம் வைத்திருப்பவன் எவனாக இருந்தாலும் செஸ்ட்நட், ஆலிவ், அத்தி, முசுக்கொட்டை ஆகிய மரங்களை நட்டாக வேண்டும் என்பது உத்தரவு. அதிகாரிகள் போடும் உத்தரவுகளில் எத்தனையோ காற்றில் பறக்கின்றன. இது மட்டும் வேரூன்றிவிட்டது. தீவின் வடகிழக்கில் ஒரு மலைநாடு முழுவதும் செஸ்ட்நட் காடாக மாறி, 'காஸ்தானிச்சா' என்று மரத்தின் பெயரையே ஊர்ப் பெயராக வாங்கிக்கொண்டது. மரத்துக்கு ஜனங்கள் இட்ட செல்லப் பெயர் 'ரொட்டி மரம்'.

1768-ல் ஜெனோவாக்காரர்கள் தீவைப் பிரான்ஸுக்குக் கைமாற்றிவிட்டார்கள். அதற்கு முன்பே, 1755 முதல், பாஸ்குவாலே பாவொலி என்ற தலைவரின் கீழ் தங்களைச் சுதந்திர நாடாக அறிவித்துக்கொண்டிருந்த கார்ஸிகர்கள் எதிர்த்துப் போராடினார்கள், 1769-ல் தோற்றார்கள். புதிதாக வந்த பிரெஞ்சு அதிகாரிகளுக்கு இந்த மரத்தைக் கண்டாலே ஆகவில்லை. உழவேண்டாம், விதைக்கவேண்டாம், மரம் தானே சோறு போடுகிறது. அதனால்தான் ஜனங்கள் சோம்பேறிகளாகவும் அடங்காதவர்களாகவும் இருக்கிறார்கள் என்பது அவர்கள் கட்சி. வயல்காரனை அடக்க வயலை மிதித்தால் போதும். காட்டையே களஞ்சியமாக வைத்திருப்பவனை எப்படி அடக்குவது?

ஆனால் 'சோம்பேறி மரம்' என்று சொன்னவர்கள் அந்த மாவு அரைபடும் வீட்டுக்குள் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது.

அடுப்புக்கு மேலே ஒரு பரண்

அக்டோபர், நவம்பரில் கொட்டை உதிரும். குனிந்து குனிந்து பொறுக்குவது பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரிய வேலையாக இருந்தது. மேலே முள், கீழே ஈரம். பொறுக்கியதை மூட்டை கட்டி மலைப்பாதையில் வீட்டுக்குச் சுமக்க வேண்டும்.

பழைய வீடுகளில் ஒரு அறையின் நடுவே, தரையோடு தரையாக, 'ஃபுகோனே' என்ற அடுப்பு இருக்கும். புகைபோக்கி கிடையாது. அதற்கு மேலே கூரைக்கு அடியில், இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்த ஒரு பரண். கொட்டைகளை அந்தப் பரணில் பரப்பிவிடுவார்கள். கீழே மூன்று நாலு வாரம் நெருப்பு இராப்பகலாகக் கனிந்துகொண்டே இருக்க வேண்டும். ஓங்கி எரிந்தால் கொட்டை தீய்ந்துவிடும். அணைந்தால் பூஞ்சை பிடித்துவிடும். அந்த நெருப்பைச் சுற்றித்தான் குடும்பம் சமைத்தது, சாப்பிட்டது, கதை பேசியது. புகையின் வாசனையெல்லாம் கொட்டையில் ஏறிவிடும்.

உலர்ந்தபின் தோலை அடித்து நீக்கி, உள்தோலையும் போக்கி, சொத்தையைப் பொறுக்கி எறிந்து, கல் எந்திரத்தில் அரைத்தால் மாவு. பச்சைக் கொட்டையின் எடையில் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். இதுதான் 'உழைக்காமல் கிடைக்கும் சோறு'!

அந்த மாவில் தினசரி ஆகாரம் 'புலெந்தா'. நம் களிதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். உப்புப் போட்ட தண்ணீர் கொதிக்கும்போது மாவைக் கொட்டி, நீண்ட மரத் துடுப்பால் கை வலிக்க வலிக்கக் கிண்ட வேண்டும். பாத்திரத்தில் ஒட்டாமல் திரண்டு வந்ததும், மாவு தூவிய துணியில் கவிழ்த்து உருட்டி, கத்திக்குப் பதிலாக நூலால் அறுத்துத் துண்டு போடுவார்கள். கத்தி என்றால் ஒட்டிக்கொள்ளும். நூல் வழுக்கிக்கொண்டு போய்விடும். சூட்டோடு சாப்பிட வேண்டும். மீந்ததை மறுநாள் எண்ணெயில் வறுத்துக் கொடுப்பார்கள். மீந்ததை வீணாக்கும் அடுக்களை உலகத்தில் எங்கும் கிடையாது போலிருக்கிறது!

இந்த மாவில் பசைத்தன்மை கிடையாது; தனியாகப் பிசைந்தால் ரொட்டியாக உப்பாது. அதனாலேயே பெண்மணிகளின் கற்பனை வேறு வழிகளில் ஓடிற்று. அடை, அப்பம், கஞ்சி, கேக், பிஸ்கோத்து என்று விதவிதமாகச் செய்தார்கள். காஸ்தானிச்சாப் பக்கத்தில் கல்யாண விருந்தென்றால் செஸ்ட்நட்டில் மட்டும் 22 பண்டங்கள் இருக்க வேண்டும் என்று ஒரு சம்பிரதாயம் சொல்வார்கள். ஒரே ஒரு மாவு, இருபத்திரண்டு பண்டம்! சம்பந்திகள் குறை சொல்ல இடம் வைக்கக்கூடாதென்ற கவலை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

பூதம் சொல்லிக்கொடுத்த ரகசியம்

மரத்துக்கு அடுத்தபடி ஆடு. கோடைக்கு மலையுச்சி, குளிருக்குத் தாழ்வாரம் என்று மந்தையோடு ஏறி இறங்குவது கார்ஸிக இடையர்களின் வாழ்க்கையாக இருந்தது. ஆட்டுப் பாலை உறையச் செய்து சீஸ் எடுத்தபின் ஒரு தெளிநீர் மிஞ்சும் அல்லவா? அதைக் கொட்டிவிட மனம் வரவில்லை. அதைச் சுடவைத்து, கொஞ்சம் புதுப் பாலும் உப்பும் சேர்த்து, ஏறக்குறைய 80 டிகிரி வரை காய்ச்சுவார்கள். வெள்ளை வெளேரென்று பஞ்சு போல மேலே திரண்டு வரும். அதை மெல்ல அள்ளிச் சிறு கூடைகளில் வடியவிட்டால் 'புரோச்சு' தயார். கூடையின் வரிவரியான அச்சு அதன்மேல் பதிந்திருக்கும்.

இந்த வித்தையை இடையர்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பூதம் என்று கதை உண்டு. ஆடுகளைத் திருடித் தின்ற பூதத்தை இடையர்கள் தந்திரமாகப் பிடித்துவிட்டார்களாம். உயிருக்குப் பயந்த பூதம், "என்னை விட்டுவிடுங்கள், தெளிநீரிலிருந்து புரோச்சு எடுக்கும் ரகசியத்தைச் சொல்கிறேன்" என்று கெஞ்சியதாம். எப்படியோ, ரகசியம் இடையர்கள் கையில் தங்கிவிட்டது. நெப்போலியனின் தாயார் லெத்தீஸியா அம்மாள், மகன் சக்கரவர்த்தியாகிப் பாரிஸில் இருந்தபோதுகூட, புரோச்சு இல்லாமல் தவித்து ஊரிலிருந்து ஆடுகளை வரவழைத்தார் என்றும் சொல்வதுண்டு. உண்மையோ பொய்யோ, பிள்ளை எவ்வளவு பெரிய பதவிக்குப் போனாலும் அம்மாவின் நாக்கு பிறந்த ஊரிலேயேதான் இருக்கும்!

பிரயாணிகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. புரோச்சுவுக்குப் பருவம் உண்டு. ஆடு பால் கொடுக்கும் காலமான நவம்பர் முதல் ஜூன் வரைதான் புதுப் புரோச்சு. செய்த ஓரிரு நாளில் சாப்பிட்டுவிட வேண்டும். ஆனால் உல்லாசப் பிரயாணிகள் கூட்டமாக வந்து இறங்குவதோ ஜூலை, ஆகஸ்டில்! அப்போது ஹோட்டல்களில் கிடைப்பது பெரும்பாலும் வேறு பாலில் செய்த 'புரூஸ்' என்ற பண்டம். 1983 முதல் புரோச்சு என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. பெயரைப் பார்த்து வாங்குங்கள். பருவத்தைப் பார்த்துப் போங்கள்.

பாதிரியாரின் தொண்டை

புரோச்சு நுழையாத பதார்த்தம் அங்கே இல்லை. புதினாவோடு சேர்த்து ஆம்லெட் போடுவார்கள். 'ஸ்தோர்ஸாபிரேதி' என்று பாஸ்தியா நகரத்துப் பண்டம் ஒன்று. கீரையையும் புரோச்சுவையும் முட்டையோடு பிசைந்து, உருண்டை பிடித்து, வெந்நீரில் வேகவைத்து, மேலே தக்காளிச் சாறும் சீஸும் பரப்பி அடுப்பில் வைத்து எடுப்பார்கள். பெயருக்கு அர்த்தம் என்ன தெரியுமா? 'பாதிரியாரின் தொண்டையை அடைப்பது'! ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த பாதிரியார்கள் ருசியில் மயங்கி அவசரமாக விழுங்கியதால் வந்த பெயர் என்பார்கள்.

தெற்குக் கோடியில், வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையின் மேல் தொங்குவது போல நிற்கிறது பொனிஃபாசியோ நகரம். அங்கே நம் அருமைக் கத்தரிக்காய்க்கு ராஜமரியாதை! காயை இரண்டாகப் பிளந்து வேகவைத்து, சதையை வழித்தெடுத்து, ரொட்டித் தூள், சீஸ், முட்டை, பூண்டு சேர்த்துப் பிசைந்து, மறுபடி தோலுக்குள்ளேயே அடைத்து வறுக்கிறார்கள். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு எங்கோ ஒரு ஒன்றுவிட்ட சகோதரி இருப்பது தெரிந்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இராது?

சைவர்கள் என்ன செய்வது?

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கார்ஸிகாவில் பன்றி இறைச்சிக்குத்தான் முதல் மரியாதை. அவிழ்த்துவிட்ட பன்றிகள் காட்டில் செஸ்ட்நட்டும் ஓக் மரத்துக் கொட்டையும் தின்று வளர்கின்றன. குளிர்காலத்தில் பதம் செய்து, உப்பிட்டு, பரணில் புகை காட்டி, மாதக்கணக்கில் தொங்கவிட்டு வைப்பார்கள். பிரிசுத்து, கொப்பா, லொன்சு இவையெல்லாம் அந்த வகை. ஈரல் சேர்ந்த 'ஃபிகதெல்லு'வைக் கணப்பில் வாட்டிப் புலெந்தாவோடு சாப்பிடுவது குளிர்கால விருந்து. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: வெளியூர்ப் பன்றியில் செய்து கார்ஸிகப் பெயரில் விற்கும் சரக்கு கடைகளில் நிறைய உண்டு. பாதுகாக்கப்பட்ட பெயர் முத்திரையைக் கேட்டு வாங்குவது நல்லது.

சைவர்கள் சூப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். பீன்ஸ், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாம் போட்டு, கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும்படி கொதிக்கவைப்பார்கள். பார்த்தால் சைவம்தான், அடியில் ஒரு பன்றி எலும்பு கிடக்கும்! கேட்டுவிட்டு உட்காருங்கள். சீஸ் விஷயத்திலும் ஆசாரம் பார்க்கிறவர்கள் யோசிக்க வேண்டியிருக்கும். பாலை உறையவைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறை சேர்ப்பது பழைய வழக்கம். புரோச்சு சூட்டினால் திரள்வதுதான் என்றாலும், அதற்கான தெளிநீர் அந்த சீஸிலிருந்து வந்ததே. செஸ்ட்நட் களி, ரொட்டி, ஆலிவ் எண்ணெய், தேன், பழங்கள் இவற்றுக்கு ஒரு தடையுமில்லை.

'காஜு மெர்ஸு' என்று ஒரு சீஸ் உண்டு. வேண்டுமென்றே கெடவிட்டு, அதில் புழு நெளியும்போது சாப்பிடுவது! கார்ஸிகச் சீஸின் நாற்றத்தை வைத்து, 1973-ல் வெளிவந்த 'ஆஸ்டிரிக்ஸ்' சித்திரக்கதையில் ஒரு கப்பலையே வெடிக்கவைத்துவிட்டார்கள். இதைப் பற்றி இதற்குமேல் சொல்ல வேண்டாம். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவராக இருக்கலாம்.

மணக்கும் புதர்க்காடு

கண்ணை மூடிக்கொண்டே வாசனையால் என் தீவை அடையாளம் கண்டுகொள்வேன் என்று நெப்போலியன் சொன்னதாகச் சொல்வார்கள். அந்த வாசனை 'மக்கீ' என்ற புதர்க்காட்டின் வாசனை. ரோஸ்மரி, மிர்ட்டில், புதினாவுக்கு உறவான நேபிதா எல்லாம் அங்கே தானாக முளைத்துக் கிடக்கின்றன. இந்த வாசனையைப் புட்டியில் அடைத்து வாங்க முடியுமா? முடியும், தேனாக! கார்ஸிகத் தேனைச் சட்டப்படியே ஆறு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். வசந்தத் தேன் மிருதுவானது. செஸ்ட்நட் தோப்புத் தேன் கருத்து, காரமாக இருக்கும். இலையுதிர்காலத் தேன் கசக்கும்! தேன் கசக்குமா என்று கேட்காதீர்கள். அந்தப் பருவத்தில் பூக்கும் ஆர்பூட்டஸ் புதரின் குணம் அது.

ஆலிவ் எண்ணெயிலும் ஒரு தனி வழக்கம் உண்டு. காயைப் பறிக்காமல், மரத்தடியில் வலை விரித்துவிட்டு, பழுத்துத் தானாக விழும்வரை காத்திருப்பது பழைய முறை. கிழக்குச் சமவெளியில் இப்போது கிளெமென்டைன் ஆரஞ்சுத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அங்கே அதை முதலில் நட்டது 1925-ல். 1944-45ல் அமெரிக்கப் படையினர் மருந்தடித்து மலேரியாக் கொசுவை ஒழித்தபின் அந்தச் சமவெளி மனிதர் வாழும் இடமாயிற்று. இலையோடு சேர்த்துப் பறித்து விற்பார்கள். இலை வாடாமலிருந்தால் பழம் புதிது என்று அர்த்தம். நம் நார்த்தங்காய்க்கு உறவான 'செத்ரா' என்ற காயை ஒரு காலத்தில் உப்புநீர்ப் பீப்பாய்களில் போட்டு, சர்க்கரைப் பாகில் ஊறவைப்பதற்காக இத்தாலிக்கு ஏற்றுமதி செய்தார்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்: ஃபியாதோனே

முட்டை சேர்ப்பவர்களுக்கு இது ஒரு சுலபமான இனிப்பு. புரோச்சு அரைக் கிலோ, முட்டை ஐந்து, சர்க்கரை 150 கிராம், ஒரு எலுமிச்சம்பழத்தின் மஞ்சள் தோல் துருவல். இவ்வளவுதான்! மைதா வேண்டாம், வெண்ணெய் வேண்டாம். முட்டையையும் சர்க்கரையையும் நன்றாக அடித்து, கட்டியில்லாமல் மசித்த புரோச்சுவையும் துருவலையும் சேர்த்துக் கலக்குங்கள். எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, 180 டிகிரி சூட்டில் சுமார் 40 நிமிஷம் வேகவிடுங்கள். மேலே பொன்னிறமாக வர வேண்டும். ஆறியபின் துண்டு போடுங்கள். புரோச்சுவுக்கு இங்கே எங்கே போவது என்கிறீர்களா? கடையில் ரிக்கோட்டா கிடைத்தால் சரி. இல்லாவிட்டால் வீட்டில் பாலைத் திரித்து, கனம் வைத்து அழுத்தாமல் வடித்த மிருதுவான பனீரை மசித்துக்கொள்ளலாம். ருசி சற்று மாறும். தட்டு என்னவோ காலியாகிவிடும்.

மரத்துக்கு வந்த சோதனை

இத்தனை பேருக்குச் சோறு போட்ட மரத்துக்கு மனிதன் என்ன கைம்மாறு செய்தான்? 19-ம் நூற்றாண்டின் இறுதியில், தோல் பதனிடும் சாறு எடுப்பதற்காகத் தீவில் தொழிற்சாலைகள் கிளம்பின. மரத்துக்கு ரொக்கம் கிடைக்கவே, தாத்தாவும் பாட்டனும் நட்ட மரங்கள் வண்டி வண்டியாகச் சரிந்தன. பிறகு முதல் உலக யுத்தம் வந்தது. மலைக் கிராமங்களிலிருந்து போன வாலிபர்களில் பலர் திரும்பவே இல்லை. மிஞ்சியவர்களும் பிழைப்புத் தேடிக் கப்பலேறினார்கள். பொறுக்க ஆளில்லாமல் கொட்டை காட்டிலேயே கிடந்தது; பரண்களின் கீழ் நெருப்பு அணைந்தது. வெள்ளைக் கோதுமை ரொட்டி வந்ததும், செஸ்ட்நட் மாவு ஏழைகளின் ஆகாரம் என்று பெயர் வாங்கிற்று. இரண்டாவது யுத்தத்தின் உணவுத் தட்டுப்பாட்டில் மட்டும் அது மறுபடி கைகொடுத்தது.

1970-களில் தங்கள் பாஷையையும் பழக்கவழக்கங்களையும் மீட்கவேண்டும் என்று இளைஞர்களுக்கு ஓர் எழுச்சி உண்டாயிற்று. சிலர் நகரத்தை விட்டுத் தாத்தாவின் தோப்புக்குத் திரும்பினார்கள். 2006-ல் கார்ஸிக செஸ்ட்நட் மாவுக்கும் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், 2010-ல், சீனாவில் தோன்றிய ஒரு சின்னஞ்சிறு குளவி தீவுக்குள் நுழைந்துவிட்டது. மொட்டிலேயே முட்டையிட்டு, துளிரை முடிச்சாக்கி, காய்ப்பையே கெடுத்தது அது. மருந்தடித்தால் தேனீயும் சாகுமே! அதே சீனாவைப் பூர்வீகமாகக் கொண்ட, அந்தக் குளவியைத் தின்று வாழும் இன்னொரு பூச்சியை வரவழைத்துத் தோப்புகளில் விட்டார்கள். முள்ளை முள்ளால் எடுக்கும் வைத்தியம்! ஒரே வருஷத்தில் குணமாகிற வியாதியல்ல அது. மகசூல் பல வருஷம் தரைமட்டமாகக் கிடந்து, பிறகு மெல்ல மெல்ல மரங்கள் தேறின.

போகிறவர்களுக்கு

பிரான்ஸின் மார்சேய், தூலோன், நீஸ் துறைமுகங்களிலிருந்து கப்பல் உண்டு, விமானமும் உண்டு. இறங்கியபின் அஜாக்ஸியோவிலிருந்து பாஸ்தியாவுக்குப் போகும் சின்ன ரயிலில் ஏறுங்கள். 158 கிலோமீட்டர் தூரத்தை அது ஆடி அசைந்து கடக்கும். வழியில் பொக்கொன்யானோவில் டிசம்பரில் செஸ்ட்நட் சந்தை கூடும். வெனாக்கோவில் மே மாதம் சீஸ் சந்தை. கோர்த்தே ஊரில், செஸ்ட்நட் இலைமேல் புரோச்சு வைத்துச் சுட்ட 'ஃபல்குலெல்லா' என்ற அப்பத்தை மறக்க வேண்டாம். காஸ்தானிச்சாவுக்கு ரயில் கிடையாது. வளைந்து வளைந்து போகும் மலைச்சாலைதான். தலைசுற்றல்காரர்கள் கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பும்போது என்ன வாங்கி வரலாம்? சோம்பு வாசனையோடு மொறமொறவென்று இருக்கும் 'கனிஸ்த்ரெல்லி' பிஸ்கோத்து பல நாள் தாங்கும். தேன் புட்டி ஒன்று. செஸ்ட்நட் மாவு ஒரு பை. மாவைக் குளிர்பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் வண்டு வைத்துவிடும். அந்தப் பையைப் பிரிக்கும்போது லேசாகப் புகை மணத்தால், எங்கோ ஒரு மலை வீட்டில் பரணுக்கடியில் யாரோ இராக் கண்விழித்து நெருப்பைக் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முதல் களியைக் கொஞ்சம் கவனமாகவே கிண்டுங்கள், அடி பிடிக்கவிடாதீர்கள்!